விலக்குண்டவரின் சுற்றம்

கி. பி. 1656ஆம் ஆண்டு யூலை மாதம் 27ஆம் நாள், அம்ஸ்டர்டாம் நகரில், ஹவுட்கிராக்ட் என்னும் கால்வாய்க் கரையில் அமைந்திருந்த போர்த்துக்கேய யூதரின் செபாலயத்தில் ஓர் ஆணை வாசிக்கப்பட்டது. பாரூக் ஸ்பினோசா என்னும் 23 வயது இளைஞரைச் சபையினின்றும் நீக்குதலே அவ்வாணையின் பொருள். அவரோடு எவரும் பேசலாகாது. கடிதத் தொடர்பும் கொள்ளலாகாது. அவருக்கு எவ்வுதவியும் புரியலாகாது. அவர் தங்கும் கூரையின்கீழ்த் தங்கலாகாது. நான்கு முழத்துக்கு உட்பட்டு அவரை அணுகலாகாது. அவர் எழுதியது எதனையும் வாசிக்கலாகாது. சாபமொழிகள் செறிந்த அவ்வாணை, அவர் செய்த குற்றம் இன்னதென்று விரித்துரைக்கவில்லை. தீய கருத்துக்களையும் தீய செயல்களையும் பொதுப்படச் சுட்டி அமைகின்றது. அந்நாளில் ஸ்பினோசா ஒரு நூலேனும் வெளியிட்டவரல்லர். தந்தை விட்டுச்சென்ற வாணிகத்தைத் தம்பியோடு நடத்தி வந்த ஒரு சிறு வணிகர் மாத்திரமே.

மெய்யியல் வரலாறு எழுதியோர் ஸ்பினோசாவைத் தனியராய்க் காட்டுவதில் விருப்புடையர். சுற்றத்தைத் துறந்து, வாடகை அறையொன்றில் கண்ணாடிவில்லை தேய்த்து வயிறு வளர்த்து, உலகை நோக்காது உண்மையை நோக்கிய துறவி என்பதே அவர்கள் தீட்டிய ஓவியம். அவ்வோவியம் முழுதும் பொய்யன்று. வில்லை தேய்த்ததும் வாடகை அறையில் வாழ்ந்ததும் உண்மையே. ஆயினும் நீக்கப்பட்ட அவ்விளைஞர் மறுநாள் யாரோடு உரையாடினார், அவர் எழுதியதை முதலில் வாசித்தோர் யாவர், நோயுற்ற காலத்து உடனிருந்தோர் யாவர், இறந்தபின் அவர் ஏட்டுப் பெட்டியைக் காத்தவர் யாவர் என்னும் வினாக்களுக்கு அவ்வோவியத்தில் விடையில்லை. இவை மெய்யியலாளர் பெரிதுங் கேளாத வினாக்கள். வரலாற்று மாணவர் கேட்கவேண்டியவை.

பதினேழாம் நூற்றாண்டில் ஒருவர் ஒரு சமயச் சபையைச் சார்ந்திருத்தல் வெறும் வழிபாட்டுச் செய்தியன்று. பிள்ளைக்குக் கல்வி, அநாதைக்கு ஆதரவு, ஏழைப் பெண்ணுக்குச் சீதனம், நோயாளிக்கு உதவி, இறந்தவருக்குப் புதைகுழி ஆகிய யாவும் சபைவழியே கிடைத்தன. அம்ஸ்டர்டாம் போர்த்துக்கேய யூதர், ஏழைக் கன்னியருக்கும் அநாதைப் பெண்களுக்கும் சீதனம் வழங்குவதற்கென்றே 1615ஆம் ஆண்டில் ஓர் அறச்சங்கம் நிறுவியிருந்தனர். இத்தகைய அமைப்பினின்றும் ஒருவரை நீக்குதல், பொருளும் உறவும் ஈமக்கடனும் ஒருங்கே அறுதலாகும். ஊரார் சாவீட்டுக்கு வராதொழிந்தால் ஒரு குடும்பம் படும் பாட்டை அறிந்தோர்க்கு இதனை மேலும் விளக்க வேண்டுவதில்லை.

அச்சபையை வெறுங் கொடுமைக் கூட்டமெனக் கருதுவதும் நேர்மையன்று. 1492இல் இசுப்பானியாவினின்றும் துரத்தப்பட்டு, 1497இல் போர்த்துக்கலில் வலிந்து ஞானஸ்நானம் செய்விக்கப்பட்டு, 1536இல் அங்கு நிறுவப்பட்ட சமய விசாரணை மன்றின் சிறைக்கும் நெருப்புக்கும் அஞ்சி நான்கைந்து தலைமுறை புறத்தே கத்தோலிக்கராயும் அகத்தே யூதராயும் வாழ்ந்தவரின் வழித்தோன்றல்கள் அவர்கள். பதினாறாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் அம்ஸ்டர்டாமுக்கு வந்தோர், தம் முன்னோர் சமயத்தை ஏறக்குறைய மறந்தே வந்தனர். ஹீப்ரு மொழியும் விரதங்களும் உணவு விதிகளும் அவர்களுக்குப் புதிதாய்க் கற்பிக்கப்பட வேண்டியவையாயின. வெனிஸ் முதலிய நகரங்களிலிருந்து ஆசிரியரை வரவழைத்துக் கற்றனர். மூன்றாய்ப் பிரிந்திருந்த சபைகள் 1639இல் ஒன்றாயின. இழந்ததை அரும்பாடுபட்டு மீட்டவர் அதனைக் கட்டோடு காக்க முனைதல் இயல்பே. அன்றியும், நகர ஆட்சியாளர் 1616ஆம் ஆண்டுக் கட்டளையால், கிறித்தவ சமயத்தைப் பேச்சிலோ எழுத்திலோ இழித்தல் ஆகாதென யூதரை எச்சரித்திருந்தனர். தம்முள் ஒருவர் கடவுளையும் வேதத்தையும் பற்றி விபரீதமாய்ப் பேசினால் அதன் பழி குடியேறிய அனைவரையுஞ் சாரும் என்ற அச்சம் சபை மூத்தோருக்கு என்றும் இருந்தது.

விலக்கு என்பது அச்சபையில் அருநிகழ்ச்சியுமன்று. 1622ஆம் ஆண்டுக்கும் 1683ஆம் ஆண்டுக்கும் இடையில் 39 ஆடவரும் ஒரு பெண்ணும் விலக்கப்பட்டனர் என்று பதிவேடுகளை ஆராய்ந்தோர் கணக்கிட்டுள்ளனர். ஒருநாள் விலக்கும் உண்டு; பதினோராண்டு நீடித்ததும் உண்டு. தண்டம் இறுத்து மன்னிப்புக் கேட்டுத் திரும்புதலே வழக்கம். விலக்கின் நோக்கம் துரத்துதலன்று, பணிவித்து மீட்டலே என்க. ஆதலால், ஸ்பினோசா வரலாற்றில் வியப்புக்குரியது அவர் விலக்கப்பட்டமையன்று, அவர் திரும்பாமையே. திரும்பாதிருக்க அவரால் எங்ஙனம் இயன்றது? மனவுறுதி என்று ஒரு சொல்லில் விடைகூறுவோர், அவருக்கு முன் அதே சபையினின்றும் நீக்கப்பட்ட மற்றொருவர் வாழ்வை நோக்குதல் வேண்டும்.

உரியேல் தா கொஸ்தா போர்த்துக்கலின் போர்த்தோ நகரிற் பிறந்தவர். கொயிம்பிராப் பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் பயின்றவர். திருச்சபையிற் பதவி வகித்தவர். குடும்பமோ வலிந்து மதம் மாற்றப்பட்ட யூதரின் மரபினது. பழைய ஏற்பாட்டை ஆழ்ந்து வாசித்த அவர் மோசேயின் சமயமே மெய்யெனத் துணிந்து, தாயையும் உடன்பிறந்தாரையும் அழைத்துக்கொண்டு வடநாட்டுக்குக் கப்பலேறினார். வந்தபின் அவர் கண்ட யூத சமயம் அவர் நூலிற் கண்ட சமயமன்று. நூற்றாண்டுகளாக ரபிமார் வகுத்த விதிகளும் விளக்கங்களும் கொண்ட வாழ்வுமுறையே அங்கு இருந்தது. ஏட்டில் மாத்திரம் ஒரு சமயத்தைக் கற்று அதனைத் தேடிச் செல்வோர் பலர்க்கும் நேரும் ஏமாற்றமே இது. ஆயின் இவர் வாளாவிருந்தாரல்லர். மரபு விதிகளை மறுத்து எழுதினார். 1618இல் வெனிஸிலும் 1623இல் அம்ஸ்டர்டாமிலும் விலக்கப்பட்டார். 1624இல் அவர் அச்சிட்ட நூல் எரிக்கப்பட்டது. எரியாது தப்பிய ஒரு படி 1990ஆம் ஆண்டளவில் கோபன்ஹேகன் அரச நூலகத்திற் கண்டெடுக்கப்பட்டது.

உடன்பிறந்தார் அவரைக் கைவிட்டனர். முதிய தாய் மாத்திரம் மகனோடு ஒரே வீட்டில் இருந்தாள்; அதனால் அவளும் இறந்தால் யூதர் மயானத்தில் அடக்கம் பெறத் தக்கவளோ என்று வெனிஸ் ரபிக்கு வினா விடுக்கப்பட்டது. 1628இல் அவள் இறந்தாள், இடம் மறுக்கப்படவில்லை. தா கொஸ்தா தெருவிற் செல்லுங்கால் சிறுவர் கூக்குரலிட்டு இழித்தனர். அந்நகர மக்களின் மொழியை அவர் அறிந்திலர். அந்நியராயும் ஊமையர் போன்றும் எஞ்சிய வாணாளைக் கழிப்பதிற் பயன் என்னை என்று கருதி, தம் கொள்கையிற் சிறிதும் மாறாமலே சபைக்குத் திரும்பினார் என்பது அவர் தன்வரலாற்றாற் புலனாகின்றது. அந்த இணக்கம் நீடிக்கவில்லை. உணவு விதிகளை அவர் பேணவில்லையென உறவினர் ஒருவரே முறையிட, மீண்டும் விலக்கு விதிக்கப்பட்டது. அவர் நிச்சயித்திருந்த மறுமணமும் குலைந்தது. ஏழாண்டு தனிமைக்குப்பின், 1640இல், இரண்டாம் முறையும் பணிந்தார். செபாலயத்தில் யாவருங் காணக் குற்றத்தை ஏற்று வாசித்தார். 39 கசையடி பெற்றார். பின்பு வாயிற்படியில் வீழ்ந்து கிடக்க, சபையார் அவரைக் கடந்து வெளியேறினர். சில நாளுக்குள் துப்பாக்கியால் தம்முயிரைத் தாமே மாய்த்தார். அப்பொழுது ஸ்பினோசா அதே குடியிருப்பில் ஏழு வயதுச் சிறுவர்.

அறிவிலோ துணிவிலோ தா கொஸ்தா தாழ்ந்தவரல்லர். அவருக்கு இல்லாதது இன்னோரிடம். ஒரு வாயிலை மூடி வெளியேறியவருக்கு வேறெந்த வாயிலும் திறந்திருக்கவில்லை. திறந்திருந்தாலும் புகுதற்குரிய மொழி அவரிடம் இல்லை.

ஸ்பினோசாவின் காலத்து மற்றொருவர் உவான் தே பிராதோ என்னும் இசுப்பானிய மருத்துவர். இவர் 1655இல் அம்ஸ்டர்டாமுக்கு வந்து, ஒருமுறை மன்னிப்புக் கேட்டு மீண்டு, 1658இல் முற்றாக விலக்கப்பட்டார். அவ்வாண்டளவில் அந்நகரில் தங்கியிருந்த அகுஸ்தீன் சபைத் துறவி ஒருவரும் படைத்தலைவர் ஒருவரும் 1659இல் மத்ரித் நகரின் சமய விசாரணை மன்றில் கூறிய சாட்சியங்கள் கிடைத்துள்ளன. கனாரித் தீவுகளைச் சேர்ந்த பிரபு ஒருவரின் இருப்பிடத்தில் ஸ்பினோசாவையும் பிராதோவையும் அவர்கள் கண்டனராம். யூதர் சட்டத்தைக் கைவிட்ட தங்கொள்கையில் இருவரும் அமைதியுற்றிருந்தனர் என்றும், எனினும் செபாலயத்தில் முன்பு கிடைத்த உதவிப்பொருளும் ஏனைய யூதரோடு அளவளாவுதலும் இல்லாமை குறையாயிற்று என்றும் துறவி அறிவித்தார். உதவிப்பொருள் பற்றிய வருத்தம் வறியவரான பிராதோவுக்கே பொருந்துவது போலும். அளவளாவுதல் பற்றிய வருத்தத்தை இருவர்க்கும் உரியதென்று கொள்ளலாம். தம்பி கபிரியேல் அதே நகரில் வாணிகம் நடத்தியும், அவரோடு ஒரு சொற் பேசச் சட்டம் இடந்தரவில்லை. அத்தம்பி சில ஆண்டுகளில் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றுவிட்டார். விலக்கு ஸ்பினோசாவை நோகச் செய்யவில்லை என்போர் இச்சாட்சியத்தை மறந்தோராவர்.

இனி, ஸ்பினோசாவுக்குத் திறந்திருந்த வாயில்களைக் காண்போம். அவை மூன்று திசையினின்றும் வந்தன. வாணிகம் ஒன்று. அம்ஸ்டர்டாம் பண்டமாற்று மண்டபத்தில் யூதரும் கிறித்தவரும் நாடோறும் ஒருவரையொருவர் சந்தித்தனர். ஸ்பினோசாவின் பிற்கால நண்பருட் சிலர் வணிகரே: யாரிக் யெல்லெஸ் பலசரக்கு வணிகர், பீற்றர் பாலிங் இசுப்பானிய வாணிகத்தோடு தொடர்புடைய முகவர், சீமோன் தே விரீஸ் வணிகக் குடும்பத்தவர். மற்றொன்று இலத்தீன் மொழி. இயேசு சபையினின்றும் நீக்கப்பட்டவரான பிரான்சிஸ்கஸ் வான் டென் எண்டன் என்பவர் அம்ஸ்டர்டாமில் இலத்தீன் பள்ளி நடத்தினார். அறிவுலகின் பொதுமொழியை ஸ்பினோசா கற்றது இவரிடமே. சபை நீங்கிய ஆசிரியரிடம் சபை நீங்கிய மாணாக்கர் பயின்றமை கருதத்தக்கது. தா கொஸ்தாவும் இலத்தீன் அறிந்தவரே. ஆயின் அவருக்கு அது நூல்மொழி. ஸ்பினோசாவுக்கோ அது நண்பரைத் தேடித்தந்த மொழி.

மூன்றாவது வாயில், விரிவாய் நோக்கத்தக்கது. 1618இலும் 1619இலும் தோர்ட் நகரிற் கூடிய சமயப் பேரவை, கல்வினின் கடுங்கொள்கையை ஏலாத ஏறக்குறைய இருநூறு போதகரைப் பதவி நீக்கியது. லெய்டனுக்கு அணித்தான வார்மொண்ட் என்னும் சிற்றூர் போதகரை இழந்தது. அவ்வூரில் வான் டெர் கொட்டே என்னும் சகோதரர் சிலர், போதகர் இல்லையாயின் என்ன, கூடி வேதத்தை வாசிப்போம், பேசவல்லார் பேசுக என்றனர். பின்னர்த் தம் நீக்கப்பட்ட போதகர் மறைவாய் வரத் துணிந்தபோதும் அவர் வேண்டாம் என்னும் நிலையை அடைந்தனர். அக்கூட்டம் ரைன்ஸ்பர்க் என்னும் ஊருக்குப் பெயர்ந்து வளர்ந்தது. கொலீஜியர் என்று அவர்கள் அழைக்கப்பட்டனர். அவர்க்குக் குருவும் இல்லை. விசுவாசப் பிரமாணமும் இல்லை. கூட்டத்தில் எவரும் எழுந்து பேசலாம், மறுக்கலாம். மெனோனைற் சபையாரும், உலூத்தரன் சபையாரும், தோர்ட் பேரவையால் நீக்கப்பட்டோரும் தத்தம் சபையை விடாமலே அங்குக் கலந்துகொண்டனர். அம்ஸ்டர்டாமில் இத்தகைய கூட்டம் 1646ஆம் ஆண்டளவில் தொடங்கிற்று.

இக்கூட்டத்தின் தனித்தன்மை இதுவே: சேர்வதற்கு எதனையும் விடவேண்டியதில்லை, எதனையும் ஏற்கவேண்டியதுமில்லை. கடுஞ்சபையினின்றும் வெளியேறுவோர் பெரும்பாலும் மற்றொரு கடுஞ்சபையின் வாயிலிலேயே சென்று நிற்பர். ஏனெனில் வரவேற்போர் ஆண்டுத்தான் காத்திருப்பர். ஸ்பினோசா கிறித்தவராகவில்லை. ஞானஸ்நானம் பெறவில்லை. அவர் நண்பரோ தத்தம் முறையிற் பக்தியுடைய கிறித்தவராகவே இருந்தனர். யெல்லெஸ் தம் சமய நம்பிக்கையை விளக்கித் தனியே எழுதியும் இருக்கின்றார். இரு சாராரும் ஒருவரையொருவர் மாற்ற முயலாது நட்புப் பூண்டமை அந்நூற்றாண்டில் எளிய செய்தியன்று.

1661ஆம் ஆண்டில் ஸ்பினோசா ரைன்ஸ்பர்க்கிலேயே, ஓர் இரணவைத்தியர் வீட்டில், குடியிருந்தார். அவ்வீடு இன்று நினைவில்லமாகப் பேணப்படுகின்றது. அம்ஸ்டர்டாம் நண்பர் அவரை மறந்தாரல்லர். 1663ஆம் ஆண்டு பெப்ரவரியில் சீமோன் தே விரீஸ் வரைந்த கடிதம் அவர்கள் கூட்டத்தின் நடைமுறையைத் தெளிவாய்க் காட்டுகின்றது. ஸ்பினோசா எழுதியனுப்பிய பகுதிகளை முறைவைத்து ஒருவர் வாசிப்பார். தாம் விளங்கியவாறு பொருள் கூறுவார். நிறுவல்களை ஒழுங்கே எடுத்துரைப்பார். ஐயந் தீராவிடின் அதனைக் குறித்துக்கொண்டு ஆசிரியருக்கு எழுதுவர். ‘ஒழுக்கவியல்’ என்னும் பெருநூல் இவ்வாறே ஒரு வாசகர் கூட்டத்தின் நடுவே வளர்ந்தது. எழுதியதை எவரும் வாசிக்கலாகாது என்று விதிக்கப்பட்டவருக்கு, எழுதிய மை உலருமுன் வாசிக்க ஒரு கூட்டம் காத்திருந்தது. அக்கடிதத்திலே, ஸ்பினோசாவோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து, உண்ணும்போதும் உலாவும்போதும் உரையாட வாய்த்த ஒரு மாணாக்கர்மேல் தமக்குள்ள பொறாமையையும் தே விரீஸ் மறையாது கூறுகின்றார். கூரையின்கீழ்த் தங்கலாகாது என்ற விலக்காணையோடு இதனை ஒப்பிட்டு நோக்குக.

அவர்களிடையே நிலவியது அறிவுத் தொடர்பு மாத்திரமன்று. தே விரீஸ் தம் செல்வத்துக்கு ஸ்பினோசாவை உரிமையாளராக்க விழைந்தார். தே விரீஸின் சகோதரருக்கே அது உரியதென ஸ்பினோசா மறுத்தார். 1667இல் தே விரீஸ் இறந்தபின் ஆண்டுக்கு 500 கில்டர் உதவித்தொகை அளிக்க அவர் குடும்பத்தார் முன்வந்தபோது, 300 போதுமென்று குறைத்து ஏற்றார். பீற்றர் பாலிங் தம் மகனை இழந்த துயரில், குழந்தை நலமாயிருந்த நாளிலேயே அதன் முனகல் தம் செவியில் விழுந்ததாக எழுதி, அஃதொரு முன்னறிகுறியோ என்று வினவினார். கற்பனையின் பொய்ம்மைகளை ஈவிரக்கமின்றி அறுத்தவரென்று பெயர்பெற்ற ஸ்பினோசா, 1664 யூலையில் விடை எழுதினார். தந்தை மகன்மேல் வைத்த அன்பால் இருவரும் ஒருவரே போலாவர். ஆதலால் மகனுக்கு வருவதன் சாயல் தந்தையின் உள்ளத்திற் படிதல் கூடும் என்பது அதன் கருத்து. மெய்யியல் ஆசிரியர் சிலர் இக்கடிதத்தால் இடர்ப்படுவர். மகனை இழந்த நண்பருக்கு எழுதியது என்பதை எண்ணினால் இடர்ப்பாடு குறையும்.

ஒல்லாந்தின் சமயப் பொறையை மிகையாகப் புகழ்தலும் வேண்டா. ஸ்பினோசாவின் நண்பர் அட்ரியான் கூர்பாக், எவர்க்கும் விளங்கும் தாய்மொழியிலே திருச்சபைக் கொள்கைகளை மறுத்தெழுதிய குற்றத்துக்காக 1668இற் சிறைப்பட்டு, பத்தாண்டுச் சிறையும் 4000 கில்டர் தண்டமும் விதிக்கப்பட்டு, 1669இல் காவலிலேயே இறந்தார். அம்ஸ்டர்டாமிற் பொறுக்கப்பட்டவையும் கடல் கடந்த நாடுகளிற் பொறுக்கப்படவில்லை. ஸ்பினோசா விலக்குண்டு இரண்டாண்டு கழிந்து, 1658 யூனில், ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்க குருமார் வெளியேற்றப்பட்டனர். சீர்திருத்தச் சபை ஒன்றே அரசின் சமயமாயிற்று. பதவியும் உரிமையும் வேண்டினோர் ஞானஸ்நானம் பெற்றனர். புறத்தே கிறித்தவப் பெயரும் அகத்தே சைவ ஒழுக்கமுமாய் யாழ்ப்பாணத்தார் வாழ்ந்த அக்காலம், போர்த்துக்கலில் யூதர் வாழ்ந்த வாழ்வுக்கு முற்றும் வேறானதன்று. யாழ்ப்பாணத்திற் போதகராயிருந்த பல்தேயஸின் நூல் 1672இல் அச்சேறியதும் அம்ஸ்டர்டாமிலேயே. ஒல்லாந்தர் பொறை வாணிகத்துக்கு இயைந்தவிடத்துப் பெரிதாயும் இயையாவிடத்துச் சிறிதாயும் இருந்தது.

1670இல் ஸ்பினோசா பெயர் குறியாது வெளியிட்ட ‘சமய அரசியல் ஆய்வுநூல்’ 1674இல் தடைசெய்யப்பட்டது. அதனை அச்சிட்ட யான் ரீவெர்ட்ஸ் அம்ஸ்டர்டாம் நண்பர் குழுவைச் சேர்ந்த நூல் வணிகர். அந்நூலின் இறுதி அதிகாரத்தில், எல்லா நாட்டாரும் எல்லாச் சமயத்தாரும் இணங்கி வாழும் நகரென்று அம்ஸ்டர்டாமை ஆசிரியர் பாராட்டுகின்றார். கூர்பாக் மடிந்து ஓராண்டாகாத நிலையில் எழுந்த பாராட்டு இது. நகரை உள்ளவாறு கூறினாரோ, இருக்கவேண்டியவாறு கூறினாரோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே.

வாழ்வின் இறுதி ஆண்டுகள் ஹேக் நகரிற் கழிந்தன. 1671 முதல் வான் டெர் ஸ்பைக் என்னும் ஓவியர் வீட்டு மேன்மாடத்தில் வாழ்ந்தார். அக்குடும்பத்தார் உலூத்தரன் சபையினர். பின்னாளில் அவரிடமே கேட்டறிந்து ஸ்பினோசாவின் வாழ்க்கையை எழுதிய கொலேருஸ் என்பவர் உலூத்தரன் போதகர். ஸ்பினோசாவின் கொள்கையை வெறுத்தவர். அதனாலே அவர் கூறும் நல்லவற்றை ஐயுற வேண்டியதில்லை. வீட்டிற் பிணியுற்றோரை ஸ்பினோசா தேற்றினாராம். கோயிலுக்குத் தவறாது செல்லுமாறு பிள்ளைகட்குக் கூறினாராம். தம் சமயத்தால் தமக்கு வீடுபேறு கிட்டுமோ என்று வீட்டுத்தலைவி வினவியபோது, அவர் சமயம் நல்லதே, அமைதியான வாழ்வு வாழ்ந்தால் வேறொன்று தேட வேண்டியதில்லை என்று விடையிறுத்தாராம். 1672 ஓகஸ்ட்டில் தே விற் சகோதரரை வெறிகொண்ட கூட்டம் கொன்ற நாளில், கொலைஞரைக் கண்டிக்கும் அறிவிப்பொன்றை எழுதி அவ்விடத்திலேயே ஒட்டுதற்கு ஸ்பினோசா புறப்பட்டார். வீட்டுத்தலைவர் கதவைப் பூட்டி அவரை வெளியே செல்லாது தடுத்தார் என்று லைப்னிட்ஸ் குறித்துள்ளார். அவர் உயிரைக் காத்தது, சமயத்தால் வேறுபட்ட ஓர் ஓவியரின் கதவுத் தாழ்.

இக்காலத்தே எதிர்த்திசையிற் சென்றோரும் உளர். ஸ்பினோசாவை அறிந்த அல்பர்ட் பர்க் என்னும் இளைஞர் இத்தாலி சென்று கத்தோலிக்கராகி, 1675இல் ஸ்பினோசாவையும் மனந்திரும்ப அழைத்து நீண்ட கடிதம் விடுத்தார். ஸ்பினோசா எழுதிய கடிதங்களிற் சினம் வெளிப்படுவன சில. அவற்றுள் பர்க்குக்கு எழுதிய விடையும் ஒன்று.

தனிமையைப் போற்றியவரென்று கருதப்படும் அவர் தம் ‘ஒழுக்கவியல்’ நான்காம் பகுதியில், அறிவின் வழி நடப்பவர் தனிமையிலிருப்பதினும் பொதுச்சட்டத்தின்கீழ்ப் பிறரோடு வாழும்போதே மிக்க சுதந்திரமுடையவர் என்று நிறுவுகின்றார். மனிதனுக்கு மனிதனினும் பயனுடைய பொருள் வேறில்லை என்பதும் அப்பகுதியின் கருத்து. துறவியின் வாக்கன்று இது. ஒரு சுற்றத்தை இழந்து மற்றொன்றைப் பெற்றவரின் அனுபவமும் இக்கூற்றினுள் அடங்கியிருக்கலாம். திருவள்ளுவர் சுற்றந்தழாலை ஓர் அதிகாரமாயும் நட்பை வேறோர் அதிகாரமாயும் வகுத்தார். ஸ்பினோசாவின் வாழ்விலோ, முன்னது அற்றவிடத்துப் பின்னதே அதன் கடமைகளையும் ஏற்றது.

1677 பெப்ரவரி 21ஆம் நாள் அவர் இறந்தார். ஏடுகள் அடங்கிய மேசைப்பெட்டியை வான் டெர் ஸ்பைக், முன்னர்ப் பெற்ற கட்டளைப்படி, அம்ஸ்டர்டாமில் ரீவெர்ட்ஸுக்கு அனுப்பிவைத்தார். நண்பர் இரகசியமாய் உழைத்து அவ்வாண்டு முடிவதற்குள் இலத்தீனிலும் ஒல்லாந்த மொழியிலும் நூல்களை வெளியிட்டனர். முன்னுரை யெல்லெஸுடையது. ஆசிரியர் பெயர் மூன்று தலையெழுத்துக்களால் மாத்திரம் குறிக்கப்பட்டது. மறு ஆண்டிலே அதுவுந் தடைசெய்யப்பட்டது. இவ்விடத்து உறவினரும் தோன்றுகின்றனர்: சகோதரி ரெபெக்காவும் மருமகன் ஒருவரும் சொத்துரிமை கோரினர், கடன் கழித்தால் எஞ்சுவது மிகச் சிறிது என்று கண்டபின் உரிமையைக் கைவிட்டனர். அவர்களை இதற்காக இகழ்தல் எளிது. இருபதாண்டாகச் சட்டத்தாற் பேச்சு மறுக்கப்பட்டவரிடையே எஞ்சக்கூடியது சொத்துவழக்கு ஒன்றுதான்.

நண்பர் கூட்டம் சபைக்கு ஈடாயிற்றோ? ஒருவர் வாழ்நாளளவில், ஆயிற்று என்றே கூறவேண்டும். ஆயினும் அக்கூட்டத்தில் எவரும் பிறக்கவில்லை. விலக்காணையும் சாபமும் அங்கில்லை. தொட்டிலும் பள்ளியும் அநாதைக்குரிய நிதியும் இல்லை. தே விரீஸும் கூர்பாக்கும் மறைந்தபின் அவர்கள் இடத்தை அவர்கள் பிள்ளைகள் நிரப்பவில்லை. கொலீஜியரும் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மறைந்தொழிந்தனர். 1675ஆம் ஆண்டுக் கோடையில் ‘ஒழுக்கவியலை’ அச்சிடும் எண்ணத்தோடு ஸ்பினோசா அம்ஸ்டர்டாமுக்குச் சென்று, போதகர்களின் முறைப்பாடும் வதந்தியுங் கேட்டு அம்முயற்சியை ஒத்திவைத்தார். அதே கோடையில், ஓகஸ்ட் 2ஆம் நாள், போர்த்துக்கேய யூதர் தம் புதிய செபாலயத்தைப் பெருவிழாவெடுத்துத் திறந்தனர். அச்செபாலயம் இன்றும் நிற்கின்றது. அதிலே வழிபாடும் நடைபெறுகின்றது. நிலைத்தலையே அளவுகோலாகக் கொண்டால் வென்றது எதுவென்பதில் ஐயமில்லை. நிலைப்பதற்காகக் கொடுத்த விலையுள் தா கொஸ்தாவின் உயிரும் அடங்கும் என்பதை மாத்திரம் மறத்தலாகாது.

ஹேக் நகரின் புதிய கோயிலில் அடக்கப்பட்ட ஸ்பினோசாவின் எலும்புகள் பிற்காலத்தில் இடம் பெயர்க்கப்பட்டன. விலக்காணையின் முந்நூறாவது ஆண்டான 1956இல் அக்கோயிலின் பின்புறத்தே ஒரு கல் நாட்டப்பட்டது. இசுரவேல் நாட்டு அன்பர் வழங்கிய அக்கல்லில் ‘உன் மக்கள்’ என்று பொருள்படும் ஒற்றை ஹீப்ருச் சொல் பொறிக்கப்பட்டுள்ளது. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் அம்ஸ்டர்டாமில் அறிஞர் கூடி, விலக்கை நீக்குவது குறித்து ஆராய்ந்தனர். நீக்குதற்குரிய காரணம் ஒன்றும் தோன்றவில்லை என்று அச்சபையின் ரபி அறிவித்தார். ஆணை நீக்கப்படாமலே இருக்கின்றது.